சொந்த ஊரில் ஒரு சிக்கனப் பயணம்

உம்மா என்னிடம் ஒரேயொரு கேள்வியைத்தான் கொடுத்தனுப்பினார்.

"கிணத்துல தண்ணி இருக்கா எண்டு பாத்துட்டு வா மகன். அது தெரியாம நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருக்கும் அந்த வளவு உம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்தது. ஒன்றரைப் பரப்புக் காணி, அதில் ஒரு கல்வீடு, குசினிக்குப் பின்னால் கிணறு. வீடு என்று இப்போது சொல்வதற்கில்லை. சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அசல் உறுதி 1990இல் வீட்டோடு போய்விட்டது. பிறகு காணிப் பதிவுக் கந்தோரில் வாப்பா அலைந்து எடுத்த பிரதி, புத்தளம் தில்லையடியில் உம்மாவின் அலுமாரியில், வாப்பாவின் மரண அத்தாட்சிப் பத்திரத்துக்கு அடியில் இருக்கிறது.

காணியைக் கேட்டிருப்பவர் அந்நியரல்லர். எங்கள் தெருவிலேயே பிறந்து, இப்போது இலண்டனில் இருப்பவர். உல்லாசப் பயணிகள் தங்குவதற்கு எட்டு அறைகள் கட்டப்போகிறாராம். நாங்கள் நாலு பிள்ளைகள். மூன்று பேருக்கு விற்கச் சம்மதம். ராத்தாவின் மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது. தம்பிக்குக் கடை வாடகை நிலுவை. நான் சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதனால் போய்ப் பார்த்துவரும் வேலை என் தலையில் விழுந்தது.

செலவுக்கு எல்லோருமாகச் சேர்த்துத் தந்தது 15,000 ரூபா. மூன்று நாளைக்கு அது போதும் என்று தம்பி கணக்குப் பார்த்துச் சொன்னான். காசை எண்ணி வாங்கும்போது எனக்கு இன்னொரு கணக்கு ஞாபகம் வந்தது. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் 70,000 பேருக்கும் மேல். கையில் எவ்வளவு கொண்டுபோகலாம் என்பது ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. எங்கள் குடும்பத்தைச் சோதித்தவர்கள் விட்டுவைத்தது 150 ரூபா. அந்த வழியாலேயே திரும்பிப் போக இப்போது நூறு மடங்கு காசு. ஊரின் விலை ஏறித்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஸுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டேன். புத்தளத்திலிருந்து அநுராதபுரம், அங்கிருந்து வவுனியா, பிறகு ஏ9 வீதி. மூன்று பஸ், மூன்றும் சாதாரண பஸ். குளிரூட்டிய வண்டி இரட்டிப்புக் காசு கேட்கும். ஜன்னலையும் திறக்க விடாது. எனக்கு ஆனையிறவில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கடனீரேரியின் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும் அந்த இடத்தில்தான் குடாநாடு தொடங்குகிறது என்று வாப்பா சொல்லித் தந்திருந்தார்.

அவரோடு 2002இல் இதே வழியால் வந்தேன். போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலம். ஓமந்தையில் ஒரு வரிசை, முகமாலையில் இன்னொரு வரிசை. வந்து சேர்ந்ததும் தங்குவதற்கு அறை தேடவில்லை. பள்ளியில் பாய் விரித்தோம். விடிந்ததும் வாப்பா தெருத்தெருவாகக் கூட்டிப்போய், கூரையில்லாத ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் நின்று, இருந்தவர்களின் பெயரைச் சொன்னார். 2006 ஓகஸ்டில் பாதை மறுபடியும் மூடப்பட்டது. 2009இல் யுத்தம் முடிந்து பாதை திறந்தபோது அவர் பிரயாணம் செய்யும் நிலையில் இல்லை.

அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் பயணிகள் கப்பல். எல்லோரும் வரலாம். இந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் வரலாம், அதில் பிழையில்லை. நானும் ஒரு சுற்றுலாக்காரனின் தோள்பையோடுதான் பஸ் நிலையத்தில் இறங்கினேன்.

இறங்கிய பிறகுதான் என் கணக்கில் ஓட்டை தெரிந்தது. நல்லூரில் கொடியேறியிருந்த நாள்கள் அவை. இருபத்தைந்து நாள் திருவிழா. கனடாவிலும் இலண்டனிலுமிருந்து வந்தவர்களால் ஊர் நிறைந்திருந்தது. தம்பி தொலைபேசியில் 3,500 ரூபாவுக்குப் பேசிவைத்திருந்த அறை, நான் போய் நின்றபோது 6,000 ஆகியிருந்தது. "சீசன் அண்ணை" என்றான் மேசையிலிருந்த பையன். வேறு இரண்டு இடங்களில் ஏறி இறங்கி, கடைசியில் ஆஸ்பத்திரி வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில், மின்விசிறி மட்டுமுள்ள ஒரு மேல்மாடி அறை 4,000 ரூபாவுக்குக் கிடைத்தது. முன்பு ஒரு குடும்பம் இருந்த வீடு. மண்டபத்தைப் பலகையால் தடுத்து ஐந்து அறைகளாக்கியிருந்தார்கள்.

அந்த வீட்டுப் பையனுக்கு இருபத்துமூன்று வயதிருக்கும். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "புத்தளமோ? யாழ்ப்பாணம் முதல்தரம் வாறியளோ அண்ணை?" என்று கேட்டான்.

"இல்லை, முன்னம் வந்திருக்கிறன்" என்றேன்.

நல்ல பிள்ளை. ஒரு வரைபடத்தை விரித்துப் பேனையால் வட்டம் போட்டுக்கொடுத்தான். கோட்டை, நூலகம், நல்லூர், ஐஸ்கிரீம் கடைகள், கசூரினா கடற்கரை, கீரிமலை, நிலாவரைக் கிணறு, நயினாதீவு, நெடுந்தீவு. நண்டுக்கறி எங்கே நல்லது என்று இரண்டு இடம். கறுத்தக்கொழும்பான் மாம்பழம், பனங்கட்டி, நெல்லிரசம் வாங்க ஒரு கடை. மானிப்பாய் வீதிக்குப் பக்கத்தில், ஐந்துசந்தியைச் சுற்றி, வரைபடத்தில் ஒரு வெற்றிடம் இருந்தது. தெருக்கள் கோடுகளாக இருந்தன; பெயர்கள் இல்லை. அதை அவன் மறைக்கவில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே அங்கே ஆள்கள் இல்லாமற் போய்விட்டார்கள்.

சோனகத் தெரு அந்த அறையிலிருந்து நடந்து போகும் தூரம்தான். நான் போகவில்லை. தரகர் ஞாயிற்றுக்கிழமைதான் கொழும்பிலிருந்து வருவார் என்பதைக் காரணமாக வைத்துக்கொண்டேன். மஃரிபை அறையிலேயே தொழுதேன்.

இரவு கோட்டைப் பக்கம் நடந்தேன். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் எழுப்பி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாகத் திருத்திக் கட்டியது. யுத்தத்தில் சிதறி, பிறகு புனரமைக்கப்பட்டது. பண்ணைக் கடலோரத்தில் குடும்பங்கள், கச்சான் வண்டிகள், இறால் வடை, தெற்கிலிருந்து வந்த பஸ்கள். ஒரு பிள்ளை பலூனுக்கு அழுதுகொண்டிருந்தது. அந்த இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்பது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

சனிக்கிழமை காலை 776ஆம் இலக்க பஸ்ஸில் குறிகட்டுவானுக்குப் புறப்பட்டேன். வாப்பா தீவுப்பகுதிக்குச் சைக்கிளில் துணி கொண்டுபோய் விற்றவர். புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று பெயர்கள் மட்டும் எங்கள் வீட்டில் புழங்கின. என்னை அவர் ஒருநாளும் கூட்டிப்போனதில்லை. பண்ணைப் பாலம் கழிந்ததும் இருபுறமும் ஆழமில்லாக் கடல், அதில் நாட்டிய தடிகளில் வலைகள், ஒற்றைக்காலில் கொக்குகள். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை. பூட்டிய வீடுகள், அவற்றுக்கிடையே வெளிநாட்டுக் காசில் புதிதாக எழும்பிய கோயில் கோபுரங்கள். பிறகு புங்குடுதீவுக்குப் போகும் கடற்பாதை. வாப்பா முதுகு வளைத்து மிதித்த தூரத்தை நான் ஒரு டிக்கட்டில் கடந்தேன்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு வரிசைகள். நீண்டது நயினாதீவுக்கு. நாகபூசணி அம்மனுக்கும் நாகதீப விகாரைக்குமாக வந்தவர்கள். இருபது நிமிடத்துக்குள் ஓட்டம். மற்றது நெடுந்தீவுக்கு, ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அந்த வரிசையில் பாதிப் பேர் என்னைப் போல ஊர் பார்க்க வந்தவர்கள். அரிசி மூட்டையும் மருந்துப் பையும் சீமெந்துப் பையுமாக வந்த தீவுக்காரர் கடைசியில் ஏறி நின்றுகொண்டார்கள். ஒரு வயதான அம்மாவுக்கு நான் இடம் விட்டேன். அவர் இருந்துகொண்டு, "சனி, ஞாயிறிலை இப்பிடித்தான் தம்பி. எங்கடை வள்ளத்திலை எங்களுக்கு இடமில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

குமுதினிப் படகின் கதையை அவரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. 1985 மே 15 அன்று இதே கடலில் அந்தப் படகில் போன 20க்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். எங்களோடு வந்த இளைஞர்கள் அந்த நேரம் கரைகடந்த காற்றில் தலைமுடியைச் சரிசெய்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உம்மாவின் அழைப்பு வந்தது. பேசி முடித்ததும் அந்த அம்மா கேட்டார்: "நீங்கள் சோனக ஆக்களோ தம்பி?"

ஓம் என்றேன்.

"உங்கடை ஆக்கள் முன்னம் துணி கொண்டு வாறவை. கடனுக்குத்தான் தாறது. எங்கடை அம்மா ஒருத்தரிட்டை சேலை எடுத்து மிச்சக்காசு குடுக்கவேணும். அவர் பிறகு வரேல்லை. நாங்களும் பிறகு இடம்பெயர்ந்திட்டம்." கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் ஏன் வரேல்லையெண்டு நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லைத்தான்."

என் வாப்பாவும் துணி கொண்டு போனவர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அந்தக் காசை எண்ணி என் கையில் தந்துவிடுவாரோ என்ற பயத்தில் சொல்லவில்லை.

நெடுந்தீவு சுமார் 50 சதுரக் கிலோமீட்டர். இறங்கியவுடன் ஓட்டோக்காரரும் பிக்கப்காரரும் சூழ்ந்துகொண்டார்கள்: குதிரை, பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, எல்லாம் இரண்டரை மணித்தியாலத்தில். என் பட்டியலில் அதற்குக் காசில்லை. ஒரு கடையில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தேன். சுண்ணாம்புச் சாந்தில்லாமல் முருகைக்கற்களை அடுக்கியே எழுப்பிய வேலிகள் நெடுகிலும் வந்தன; வெயிலில் எலும்பு நிறம். பெருக்குமரத்தை அறபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அதன் பொந்துக்குள் நுழைந்து படமெடுக்க ஒரு வரிசை. தெற்கு வெளியில் மட்டக்குதிரைகள் சில, வெள்ளைக்காரர் காலத்தில் விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள், காய்ந்த குட்டையின் ஓரத்தில் தலை குனிந்து நின்றன. எல்லோரும் குதிரையைப் படமெடுத்தார்கள். குதிரைகள் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தன.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அதைத்தான் கிணறுகளில் அள்ளுகிறோம். அளவாக அள்ளினால் நன்னீர். மோட்டரைப் பூட்டி ஓயாமல் இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும். அந்தக் காலத்து ஆள்கள் ஒரு கிணற்றை முகர்ந்தும் சுவைத்தும்தான் காணிக்கு விலை சொன்னார்கள். உம்மாவின் கேள்வி கிழவியின் பிடிவாதம் அல்ல என்பது நெடுந்தீவு வெயிலில் எனக்கு விளங்கியது.

ஞாயிறு காலை சோனகத் தெருவுக்குப் போனேன். தரகர் ஐந்துசந்தியில் தன் ஓட்டோவோடு நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும், புத்தளத்தில் வளர்ந்து 2011இல் குடும்பத்தோடு திரும்பியவர். ஸலாம் சொல்லி, "நானா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்" என்றார். பள்ளிக்குப் பெயின்ற் அடித்திருந்தது. சில வீடுகளில் திரைச்சீலை, சில வீடுகளில் ஆலங்கன்று. ஒஸ்மானியாவில் பிள்ளைகள் படிக்கிறார்கள். திரும்பி வந்தவர்கள் பழைய தொகையில் ஒரு சிறு பங்குதான். வந்தவர்களிலும் பலர் ஒரு காலை இங்கும் ஒரு காலைப் புத்தளத்திலும் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வளவில் வாசற்படி இருந்தது. கதவு, நிலை, ஓடு, கைமரம் ஒன்றும் இல்லை. வாப்பா துணிமூட்டை வைத்த அறையில் ஓர் ஆள் உயரத்துக்கு எருக்கலை. கிணற்றுக் கட்டு வெடித்திருந்தது, ஆனால் நின்றது. எட்டிப் பார்த்தேன். கீழே வானம் தெரிந்தது; தண்ணீர் இருந்தது.

"கிணத்தை மூட மாட்டாங்க நானா" என்றார் தரகர். "பழைய கல்லு, பழைய சுவர் எல்லாம் வெளிநாட்டு ஆக்களுக்கு விருப்பம். முன்சுவரையும் கிணத்தையும் அப்பிடியே வெச்சு, லைட் போட்டு, சுத்திவரக் கதிரை போடுறதுதான் பிளான்." தொலைபேசியில் வரைபடத்தைக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. உம்மா எங்களைக் குளிப்பாட்டிய இடத்தில் இரண்டு பேர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் தொடர்ந்தார்: "நானா, நான் சொல்றன் எண்டு நினைக்காதீங்க. இந்த ரோட்டுல பத்து வீட்டுல விளக்கு எரியுது. டூரிஸ்ட் வந்தாத்தான் என்ட ஓட்டோ ஓடும். அந்த இடம் வந்தா நம்மட பிள்ளைகள் நாலு பேருக்கு வேலை. விக்கிறதும் நம்மட ஆளுக்குத்தானே. நீங்க விக்காம வெச்சிருந்தா எருக்கலைதான் முளைக்கும். நீங்க வந்து இருக்கப் போறீங்களா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குப் புத்தளத்தில் தொழில், பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம். அவர்களுக்கு யாழ்ப்பாணம் என்பது மூத்தம்மா அழும் ஓர் ஊரின் பெயர். திரும்பி வராதவன் விற்கக்கூடாது என்று சொல்வதற்கு, திரும்பி வந்தவனின் முன்னால் எனக்கு என்ன தகுதி?

காலிக் கோட்டை நினைவுக்கு வந்தது. 1988இல் உலக மரபுரிமை இடமாகப் பிரகடனமான கோட்டை. தலைமுறைகளாக அங்கு இருந்த நம்மவர் குடும்பங்கள் பல, 2000க்குப் பிறகு வெளிநாட்டாரும் கொழும்பாரும் நீட்டிய விலைக்கு வீடுகளைக் கொடுத்தன. சுவர் அதே சுவர், யன்னல் அதே யன்னல். உள்ளே ஓர் இரவுக்கு நம்மவரின் ஒரு மாதச் சம்பளம் கேட்கும் அறைகள். சீனாவில் லிஜியாங் என்ற, கால்வாய்கள் ஓடும் பழைய நகரத்துக்கும் அதுதான் நடந்தது. 1997இல் அதே பட்டியலில் சேர்ந்த பிறகு, ஊர்க்காரரான நாசி மக்கள் வீடுகளைக் கடைக்கும் விடுதிக்கும் வாடகைக்கு விட்டுவிட்டுப் புதிய நகருக்குப் போய்விட்டார்கள். அங்கெல்லாம் காசு கதவைத் தட்டியபோது ஆள்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொன்னார்கள். எங்கள் தெருவில் துவக்கு முதலில் வந்து ஆள்களை அகற்றியது. காசு முப்பது வருடம் கழித்து வெறும் சுவரிடம் வந்து விலை பேசுகிறது. விற்பது எங்கள் விருப்பம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த விருப்பம் எந்தத் திகதியில் தொடங்கியது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

லுஹரைப் பள்ளியில் தொழுதேன். எனக்குப் பக்கத்தில் தொழுத முதியவர் ஸலாம் கொடுத்தபின் என்னை உற்றுப் பார்த்து, வாப்பாவின் பெயரைச் சொல்லி, "அவர்ட மகனா?" என்று கேட்டார். எங்கே தங்கியிருக்கிறாய் என்று அடுத்த கேள்வி. வாடகை அறையில் என்று சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. "நம்ம ஊருல நீ காசு குடுத்துப் படுத்தியா?" அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் புறப்பட விட்டார். அந்தச் சோற்றுக்கு என் கணக்குக் கொப்பியில் இடம் இல்லை.

திங்கட்கிழமை இரவு தில்லையடிக்கு வந்து சேர்ந்தபோது 15,000இல் 400 ரூபா மிச்சம். தம்பி பாராட்டினான். ராத்தா விலையைப் பற்றிக் கேட்டார். உம்மா எல்லோரும் பேசி முடியும்வரை பொறுத்திருந்தார்.

"தண்ணி இருக்கா?"

"இருக்கும்மா. நிறைய இருக்கு."

"ருசி எப்படி? முந்தி நல்ல தண்ணி. இப்ப உவர் ஏறியிருக்கா?"

எனக்குச் சட்டென்று வெட்கமாகிவிட்டது. வளவுக்குள் கால் வைத்ததும் தரகர் கடையில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றை என் கையில் தந்திருந்தார். வெயில் கடுமையாக இருந்தது. அதைக் குடித்துக்கொண்டேதான் கிணற்றை எட்டிப் பார்த்தேன். வாளி இல்லை, கயிறு இல்லை என்பது உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"குடிச்சுப் பாக்கல்லம்மா."

உம்மா திட்டவில்லை. உறுதிப் பிரதியை மடித்து மீண்டும் அலுமாரிக்குள் வைத்தார்.

"அப்ப நீ ஊர் பாத்துட்டு வந்திருக்கிற, வீட்டைப் பாக்கல்ல. அடுத்த முறை வாளியும் கயிறும் கொண்டு போ. நானும் வாறன்."

உம்மாவுக்கு எழுபத்தாறு வயது. முழங்கால் மடங்காது; பஸ்ஸில் அவ்வளவு தூரம் இருக்க முடியாது. அவரைக் கூட்டிப்போவதென்றால் வான் பிடிக்க வேண்டும். இந்தத் தடவை சிக்கனப் பயணம் சரிவராது. தம்பி மறுபடியும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். இலண்டன்காரர் தை மாதம் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.